முதல் ரெஸ்யூமேயில் எதை மேலே வைப்பது: மார்க்கா, பிராஜெக்டா, திறன்பட்டியலா, பார்த்த சிறு வேலையா?

கடைசி செமஸ்டர் நெருங்கியதும் மாணவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கு எக்ஸ்பீரியன்ஸே இல்லை, ரெஸ்யூமேயில் என்ன எழுதுவது?" கேட்பவரிடம் கொஞ்ச நேரம் பேசிப் பாருங்கள், எழுத நிறையவே இருக்கும். இரண்டு மாதம் ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருப்பார். தீபாவளி லீவில் ஜவுளிக்கடையில் நின்றிருப்பார். என்எஸ்எஸ் முகாமுக்குச் சாமான் வாங்கிக் கணக்கு எழுதியிருப்பார். உண்மையில் அவரைத் திணற வைப்பது வரிசைதான். ஒரே ஒரு பக்கம், அதன் மேல் பாதியில் எது வர வேண்டும்? சீனியர் ஒரு மாதிரியைக் கொடுக்கிறார், பிளேஸ்மென்ட் செல் வேறொன்றைக் கொடுக்கிறது, யூடியூப் மூன்றாவதைச் சொல்கிறது.

அந்த ஒரு முடிவை எடுக்க உதவுவதற்காகத்தான் இந்த ஒப்பீடு. வழிகள் நான்கு. படிப்பையும் மார்க்கையும் மேலே வைக்கலாம். பிராஜெக்டையும் இன்டர்ன்ஷிப்பையும் மேலே வைக்கலாம். தெரிந்த திறன்களைப் பட்டியலிடலாம். பார்த்த சிறு வேலைகளை முன்வைக்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் படிப்பவர் யார்? ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை வடிகட்டும் பெரிய நிறுவனம் ஒரு மாதிரி படிக்கும். அம்பத்தூரில் முப்பது பேரை வைத்து ஒர்க்‌ஷாப் நடத்தும் முதலாளி வேறு மாதிரி படிப்பார். முன்னது கட்-ஆஃப் பார்க்கும், பின்னவர் "வந்த மறுநாள் இந்தப் பையன் எதைத் தொடுவான்?" என்று பார்ப்பார்.

சான்று இருக்கிறதா? எழுதியதைக் காட்டவோ, இன்னொருவரை விட்டு உறுதி செய்யவோ முடிய வேண்டும்.

கேள்வியைத் தாங்குமா? எனக்கு இதுதான் மிக முக்கியமான அளவுகோல். புதியவர்களுக்கான நேர்காணல் பெரும்பாலும் ரெஸ்யூமேயின் மேல் பாதியிலிருந்துதான் தொடங்கும். அங்கே நீங்கள் எழுதியதுதான் உங்களுக்கான கேள்வித்தாள். அதில் பத்து நிமிடம் நின்று பேச முடியாத எதையும் மேலே வைக்காதீர்கள்.

எது வெளியே தெரிகிறது, எது மறைகிறது? அரியர், இடையில் விட்ட வருடம், குறைந்த மார்க் எல்லாம் சில வரிசைகளில் பளிச்சென்று தெரியும், சிலவற்றில் அடங்கியிருக்கும். ஆனால் மறைக்கப் பார்க்கிறீர்கள் என்று படிப்பவருக்குத் தோன்றினால் அது குறைந்த மார்க்கை விடக் கெடுதல்.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? நாளை காலை டிரைவ் (நிறுவனம் ஆள் எடுக்க நடத்தும் தேர்வு) என்றால் எல்லா வழியும் திறந்திருக்காது.

## வழி 1: மார்க்கை முன்வைப்பது

கல்லூரிகள் பெரும்பாலும் கொடுக்கும் மாதிரி இதுதான். மேலே பட்டம், சிஜிபிஏ, அதன் கீழே 12, 10 என ஓர் அட்டவணை. அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சான்றுக்கும் குறையில்லை, மார்க் ஷீட் கையில் இருக்கிறது.

கேம்பஸ் டிரைவுக்கு இது சரியாகப் பொருந்தும். பல பெரிய ஐடி நிறுவனங்கள் 10, 12, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், ஸ்டாண்டிங் அரியர் (இன்னும் பாஸ் செய்யாத பாடம்) இருக்கக் கூடாது என்று வாசலிலேயே நிபந்தனை வைக்கின்றன. படிப்பவர் முதலில் தேடுவது அந்த எண்களைத்தான் என்றால் அவற்றைத் தேட விடக் கூடாது. ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவியாளர் பணிக்கும் இதே வரிசைதான் நல்லது.

செலவு பிறகுதான் தெரியும். உங்கள் வகுப்பில் 60 பேர் இருந்தால் 60 ரெஸ்யூமேயும் ஒரே முகத்தோடு போய் நிற்கும். கேட்க வேறு எதுவும் கண்ணில் படாதபோது நேர்காணல் செய்பவர் "உனக்குப் பிடித்த சப்ஜெக்ட் என்ன?" என்பார். அந்த சப்ஜெக்டின் ஐந்து யூனிட்டில் எங்கிருந்தும் கேள்வி வரலாம். அப்புறம், சிஜிபிஏ 6.3 உள்ளவர் இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் தன்னிடம் இருப்பதிலேயே பலவீனமானதைத் தானே எடுத்து மேலே வைக்கிறார். அவர் மார்க்கை மறைக்க வேண்டியதில்லை. கடைசியில் ஒரே வரியில் எழுதினால் போதும்.

டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நண்பரின் ஃபைலை வாங்கி 12-ஆம் வகுப்புக் கட்டத்தில் கோடு போட்டு விடாதீர்கள். அந்த வரியையே நீக்குங்கள். பத்தாவது முடித்து டிப்ளமோ வந்ததில் குறை எதுவும் இல்லை, காலிக் கட்டம்தான் குறையாகத் தெரியும்.

## வழி 2: செய்ததை முன்வைப்பது

பெயர், போன் நம்பர், மெயில். அதற்கு அடுத்தபடியே பிராஜெக்ட், இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ் பயிற்சி. படிப்பு கீழே. வேலை அனுபவம் குறைவாக உள்ள பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காரணம் மூன்றாவது அளவுகோல். நீங்கள் கையால் செய்த ஒன்றைப் பற்றி அங்கே உட்கார்ந்திருக்கும் யாரையும் விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கேள்வி அங்கிருந்து தொடங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

ஆனால் தலைப்பை மட்டும் எழுதினால் பலன் இல்லை. "ஆடிட்டர் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப், 2 மாதம்" என்று ஒரு பி.காம் மாணவி எழுதினால் அது வருகைப் பதிவு மட்டுமே. அவர் அங்கே என்ன செய்தார் என்று கேட்டு எழுத வைத்தால் இப்படி வரும்: "மூன்று கடைகளின் விற்பனை பில்களை டேலியில் பதிந்தேன். மாதக் கடைசியில் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்கான விற்பனைப் பட்டியலை எக்செலில் தயாரித்து, பில்லோடு ஒத்துப் பார்த்தேன்." ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே அளவு விவரம் போதும். இதைப் படிப்பவர் "ஜிஎஸ்டிஆர்-1 எப்போது? 3பி எப்போது?" என்று கேட்பார். மாதாமாதம் தாக்கல் செய்யும் கடைக்கு முன்னது, அதாவது விற்பனை விவரம், அடுத்த மாதம் 11-ஆம் தேதி, பின்னது, அதாவது வரி கட்டும் சுருக்கக் கணக்கு, 20-ஆம் தேதி. அந்த ஆபீசில் இரண்டு மாதம் உட்கார்ந்திருந்த பெண் யோசிக்காமல் சொல்லிவிடுவார். வெறும் சான்றிதழ் வாங்கியவர் முழிப்பார்.

மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கும் அப்படியே. "சிஎன்சி பயிற்சி பெற்றேன்" என்பதை விட, எந்த மெஷினில் எந்தப் பாகத்தைக் கடைந்தீர்கள், அளவை எதைக் கொண்டு சரிபார்த்தீர்கள் என்று எழுதுங்கள். வெர்னியர் என்று எழுதினால் லீஸ்ட் கவுண்ட் (அது அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) கேட்பார்கள், 0.02 மில்லிமீட்டர் என்று வாயில் வர வேண்டும். சிஎன்சி கட்டளைகளான ஜி00-வுக்கும் ஜி01-க்கும் என்ன வித்தியாசம் என்பார்கள். முன்னது வெட்டாமல் வேகமாக நகர்த்த, பின்னது நேர்கோட்டில் வெட்ட.

குழுவாகச் செய்த பிராஜெக்ட் என்றால் "4 பேர் குழு" என்று எழுதி, உங்கள் பங்கு எது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டால், அதே குழுவிலிருந்து அடுத்து உள்ளே போகும் நண்பரும் அதையே எழுதியிருப்பார்.

இந்த வழியின் மறைமுகச் செலவுகள் கனமானவை. முதலாவது நேரம். நான்கு வரி எழுத, செய்த வேலையை முழுக்க நினைவுகூர வேண்டும், பழைய நோட்டைத் தேட வேண்டும், கோட் எழுதியிருந்தால் கிட்ஹப்பில் (கோடை வைத்துக் காட்டும் இணையதளம்) ஒழுங்காக ஏற்ற வேண்டும். இரண்டு வார இறுதிகள் போய்விடும். இரண்டாவது, பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய ஃபைனல் இயர் பிராஜெக்ட். இது எவ்வளவு பரவலான வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும், நேர்காணல் செய்பவருக்கும் தெரியும். "லாகின் பக்கம் இருக்கிறதே, பாஸ்வேர்டை டேட்டாபேசில் எப்படிச் சேமித்தாய்?" என்ற ஒரு கேள்வி போதும். வாங்கிவிட்டீர்கள், இப்போது என்ன செய்வது? அதிலிருந்து ஒரே ஒரு பகுதியை எடுத்து, பார்க்காமல் நீங்களே திரும்ப எழுதுங்கள். பாஸ்வேர்டு அப்படியே சேமிக்கப்பட்டிருந்தால் ஹாஷ் செய்து (திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றி) வையுங்கள். ரெஸ்யூமேயில் அந்தப் பகுதியை மட்டும் எழுதுங்கள். சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் உங்களுடையது.

மூன்றாவது, பணம் கட்டினால் ஒரு வாரத்தில் மெயிலுக்கு வரும் இன்டர்ன்ஷிப் சான்றிதழ். அதை எழுதாதீர்கள். ஒரு நாள் ஐவி (தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்கும் பயணம்) போனதை இன்டர்ன்ஷிப் என்று எழுதுவதும் வேண்டாம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் படித்த கோர்ஸ், ஐஐடிகளின் இணையப் படிப்பான என்பிடெல்லின் தேர்வு போன்றவற்றைத் தாராளமாக எழுதலாம். என்பிடெல்லில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதிப் பாஸ் செய்ய வேண்டும், சான்றிதழை இணையத்தில் சரிபார்க்கலாம். அதனால் படிப்பவர் நம்புவார்.

இந்த வழி யாருக்குப் பொருந்தாது? செய்தது எதுவுமே சொந்தமாக இல்லாதவருக்கு, நாளைக்கே அனுப்ப வேண்டியவருக்கு.

## வழி 3: திறன்பட்டியலை முன்வைப்பது

புதியவர்களை அதிகம் ஈர்ப்பது இதுதான். கம்யூனிகேஷன், லீடர்ஷிப், டீம் ஒர்க், டைம் மேனேஜ்மென்ட். பக்கத்தில் சி, சி++, ஜாவா, பைத்தான், எச்டிஎம்எல். பத்து நிமிடத்தில் பக்கம் நிறைந்துவிடும். நிறைந்தது போலத் தோன்றுகிற அந்த நிம்மதிக்காகவே நிறையப் பேர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சான்று என்ற அளவுகோலில் இது விழுந்துவிடுகிறது. லீடர்ஷிப் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சம்பவம் இல்லை என்றால் படிப்பவர் அதைப் படிப்பதே இல்லை. ஐந்து மொழிகளை எழுதினால் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார், நீங்கள் செமஸ்டருக்கு முந்தின நாள் மட்டும் படித்த மொழியாக அது இருந்தால் மற்ற நான்கின் மீதும் சந்தேகம் விழும். ஐந்தில் மூன்று நட்சத்திரம், 80 சதவீதம் என்று பட்டை போட்டுக் காட்டும் டிசைன்களையும் விட்டுவிடுங்கள். யார் அளந்த 80?

இடைவெளி வருடங்களை மறைக்கவும் இந்த வரிசை பயன்படுகிறது. டிகிரி முடித்து இரண்டு மூன்று வருடம் டிஎன்பிஎஸ்சிக்குப் படித்துவிட்டு, இப்போது தனியார் வேலை தேடும் பலர் தேதிகளே இல்லாமல் திறன்களை மட்டும் எழுதுகிறார்கள். தேதி இல்லாத ரெஸ்யூமேயில் எச்ஆர் முதலில் தேடுவதே தேதியைத்தான். அதற்குப் பதில் "2022–2024: டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்குத் தயாரித்தேன்" என்று நேராக ஒரு வரி எழுதிவிடுங்கள். தமிழ்நாட்டில் அதைப் புரிந்துகொள்ளாத எச்ஆர் இல்லை. அந்த வருடங்களில் டியூஷன் எடுத்திருந்தால் அதையும் சேருங்கள்.

சரி, இது எப்போது நல்ல வழி? திறனே வேலையாக இருக்கும்போது, அதை ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்க முடியும்போது. அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர் நிமிடத்துக்கு 45 சொல் வேகத்துக்குத் தேர்வானவர், லோயர் என்றால் 30. அலுவலக வேலைக்கு அது மேலேயே இருக்கட்டும். வெல்டிங், தையல், ஆட்டோகேட், ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை போன்றவையும் அப்படித்தான். கல்யாணம், குழந்தை என்று பல வருடம் கழித்து முதன்முதலாக வேலைக்கு விண்ணப்பிக்கும் பெண்களுக்கும் இந்த வரிசை உதவும். ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் அடுத்து அதை எங்கே பயன்படுத்தினார் என்ற ஒரு வரி வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவின் கணக்கு நோட்டை எழுதியிருந்தால் அது கணக்கு எழுதும் திறனுக்கான சான்றுதான்.

நௌக்ரி போன்ற தளங்களில் வேலைக்கு ஆள் தேடுபவர்கள் திறன் சொற்களைக் கொண்டு தேடுகிறார்கள். அதனால் எந்த வழியைத் தேர்ந்தாலும் திறன்பட்டியல் ரெஸ்யூமேயில் எங்காவது இருக்க வேண்டும். கீழ்ப் பாதியில் இரண்டு வரி போதும்.

## வழி 4: பார்த்த சிறு வேலையை முன்வைப்பது

இதை எழுத வெட்கப்படுகிறவர்கள்தான் எழுதியே ஆக வேண்டியவர்கள். சனி ஞாயிறு கேட்டரிங்கில் பரிமாறியது, மாலையில் மெடிக்கல் ஷாப்பில் நின்றது, அப்பாவின் மளிகைக் கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டது, தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது. "இதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸா?" என்று கேட்கிறார்கள். ஆம். நேரத்துக்குப் போனீர்கள், கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளித்தீர்கள், அடுத்தவர் பணத்தை எண்ணிச் சரியாக ஒப்படைத்தீர்கள். வீட்டுக் கஷ்டத்துக்காகப் படிப்போடு வேலை பார்த்த பிள்ளை அதை மறைத்துவிட்டு, இணையத்திலிருந்து எடுத்த கேரியர் அப்ஜெக்டிவை (வேலை லட்சியம் என்று எழுதும் பத்தியை) மேலே ஒட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை.

எழுதும் விதம் பிராஜெக்ட்டுக்குச் சொன்னதுதான்: எங்கே, எப்போது முதல் எப்போது வரை, என்ன பொறுப்பு, எவ்வளவு. "ஜவுளிக்கடை, 2023 அக்டோபர்–நவம்பர், பண்டிகைக் கால விற்பனை உதவியாளர், குழந்தைகள் ஆடைப் பிரிவு, தினசரி ஸ்டாக் எண்ணிக் கணக்குக் கொடுத்தேன்." குடும்பக் கடை என்றால் குடும்பக் கடை என்றே எழுதுங்கள். மேனேஜர் என்று பட்டம் சூட்டிக்கொள்ள வேண்டாம்.

விற்பனை, ஷோரூம், பிபிஓ, ஹோட்டல், லாஜிஸ்டிக்ஸ், வங்கி மற்றும் நிதி நிறுவனங்களின் களப்பணி போன்றவற்றுக்கு இந்த வரிசை மற்ற மூன்றையும் முந்தும்.

செலவுகள்: சம்பள ரசீதோ சான்றிதழோ இருக்காது. அதனால் போனில் கேட்டால் "ஆமாம், எங்களிடம் வேலை பார்த்தான்" என்று சொல்ல ஒருவர் தேவை. முதலாளியிடம் முன்பே கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் அவர் எண்ணை யாருக்கும் கொடுக்க வேண்டும். இன்னொன்று, சாஃப்ட்வேர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இதை மேலே வைத்தால் "சேல்ஸ் பக்கம் போகிறாயா?" என்று திருப்பிவிட வாய்ப்பு உண்டு. அங்கே இது கீழே, ஆனால் கட்டாயம் இருக்கட்டும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | மார்க் | பிராஜெக்ட், இன்டர்ன்ஷிப் | திறன்பட்டியல் | சிறு வேலை |
|---|---|---|---|---|
| யாருக்கு எடுபடும் | கேம்பஸ் டிரைவ், கல்வித்துறை | சிறு, நடுத்தர நிறுவனங்கள், தொழில்நுட்ப வேலை | கைத்திறன், அலுவலக வேலை | விற்பனை, சேவை, களப்பணி |
| சான்று | மார்க் ஷீட் | செய்த பொருள், கோட், மேற்பார்வையாளர் | திறனுக்குச் சான்றிதழ் இருந்தால் மட்டும் | முதலாளியின் வாய்மொழி |
| கேள்வியைத் தாங்குவது | பாடத்தைப் பொறுத்தது | சொந்தமாகச் செய்திருந்தால் மிக நன்று | பெரும்பாலும் கடினம் | நன்று |
| குறை தெரிவது | குறைந்த மார்க் பளிச்சென்று தெரியும் | அடங்கியிருக்கும் | மறைப்பதாகச் சந்தேகம் வரும் | அடங்கியிருக்கும் |
| பிடிக்கும் நேரம் | அரை மணி | இரண்டு வார இறுதிகள் | பத்து நிமிடம் | ஒரு மாலை |
| மறைமுகச் செலவு | எல்லோரையும் போலத் தெரிவது | வாங்கிய பிராஜெக்ட் பிடிபடுவது | படிக்காமலே தாண்டப்படுவது | வேறு துறைக்குத் திருப்பப்படுவது |

கலக்கலாமா என்றால், கலக்கலாம். நடைமுறையில் 2-ஐ மேலே வைத்து, 4-ஐ அதற்குக் கீழே, பிறகு படிப்பு, கடைசியில் திறன் இரண்டு வரி என்பது கலைக் கல்லூரி மாணவர்களுக்கும் டிப்ளமோ மாணவர்களுக்கும் நன்றாக அமைகிறது. இன்ஜினியரிங் மாணவர்கள் கேம்பஸுக்கு 1, வெளியே தாங்களாக அனுப்பும்போது 2 என இரண்டு ஃபைல் வைத்துக்கொள்வது நல்லது.

## எதில் தயாரிப்பது

பிரவுசிங் சென்டரில் கொடுத்து அடிக்கச் சொல்வது எளிது. ஆனால் போன வாரம் வந்தவருடைய அப்ஜெக்டிவ் உங்கள் தாளிலும் வந்து உட்காரும், திருத்தம் செய்ய ஒவ்வொரு முறையும் காசு. போவதாக இருந்தால் வேர்ட் ஃபைலை உங்கள் மெயிலுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸ் இலவசம், லேப்டாப் இல்லாமல் போனிலேயே செய்யலாம். பெரும்பாலானவர்களுக்கு இது போதும். ஓவர்லீஃப் என்ற இணையதளம் அழகான தாளைத் தரும், ஆனால் லேடெக் என்ற ஆவணக் குறிமொழி தெரிந்திருக்க வேண்டும். கேன்வாவின், பக்கத்தை நெடுக்கில் இரண்டு பத்தியாகப் பிரிக்கும் டிசைன்கள் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும், ரெஸ்யூமேயை முதலில் படிக்கும் மென்பொருள் வரிகளைக் குழப்பிவிடக் கூடும். டிசைன் துறைக்கு விண்ணப்பிப்பவர்கள் தவிர மற்றவர்கள் ஒற்றைப் பத்தியிலேயே இருக்கலாம்.

எந்த வழியானாலும் அப்பா பெயர், சாதி, மதம், திருமண நிலை, ஆதார் எண், வீட்டு முழு முகவரி எதுவும் தனியார் வேலைக்கான ரெஸ்யூமேயில் வேண்டாம். அவை அரசு விண்ணப்பப் படிவம் கேட்டால் அங்கே எழுத வேண்டியவை. போட்டோவும், விளம்பரத்தில் கேட்டிருந்தால் மட்டும். ஊர் பெயர் போதும். "மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்ற பத்தியை எடுத்துவிட்டால், இன்னொரு பிராஜெக்ட் வரி எழுத இடம் கிடைக்கும்.

அனுப்புவதற்கு முன் பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்வு செய்து காப்பி எடுத்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். வரிசை மாறாமல், எழுத்து உடையாமல் வந்தால் மென்பொருளும் அப்படியே படிக்க வாய்ப்பு அதிகம். குழம்பி வந்தால் டிசைனை மாற்றுங்கள். போன் நம்பரை ஒருமுறை நீங்களே டயல் செய்து பாருங்கள். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் விண்ணப்பிக்கும் வேலையின் பெயரையும் வைத்து அனுப்புங்கள்.